நின்று போகிற பஸ்

பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றதும் அவர் கண் முதலில் வரப்பின் மேல்தான் போகும். ஏறுகிறவர்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஊருக்குள் போகிற பாதையைப் பார்ப்பார்.

"இன்னும் தயிர்க்காரம்மா வரலையே" என்பார்.

டிரைவர் முன்னால் இருந்து கத்துவார். "அது வரலன்னா மோர் குடிக்காம செத்துடப் போறியா? ரைட் குடுய்யா!"

"வந்துடுவாங்கண்ணே. இதோ, தலை தெரியுது பாரு."

பாதி நாள் தலையும் தெரியாது, காலும் தெரியாது. சும்மா சொல்வார். ஆனால் அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் தயிர்க்காரம்மா கூடையைத் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொல்லைக்கு நடுவே ஓடி வந்துவிடுவாள்.

எழுபதுகளின் நடுவில், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்கு வெட்கம் வந்துவிடும், அதனால் எழுதவில்லை. நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையில் மேல் பட்டனுக்குப் பதிலாக எப்போதும் ஓர் ஊக்கு. காதில் பென்சில். குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் மெல்லிசாக இருக்கும். அதட்டிப் பேசினாலும் கெஞ்சுகிற மாதிரியே கேட்கும்.

தனியார் பஸ் என்றால் ஓட்டந்தான் பிழைப்பு. பின்னால் வருகிற வேறு கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்தில் நிற்கிற கூட்டத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும். டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொள்வார். "நீ வண்டிக்கு கண்டக்டரா, ஊருக்கு கண்டக்டரா? மொதல்ல அதச் சொல்லு." முதலாளி இவரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவாராம். இவர் தலையை ஆட்டிவிட்டு வருவார். மறுநாள் காலையில் மறுபடியும் வரப்பைப் பார்ப்பார்.

யாரோ ஒரு பெரியவர் ஒருமுறை கேட்டார், "ஏன்யா, இப்படி நிக்கறதுல உனக்கு இன்னா கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்கலைங்க. நிக்காம போனா அன்னிக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அவ்ளோதான்."

இதையெல்லாம் கேட்டால் அவரை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று தோன்றும். இல்லை. நிற்கிற பஸ்ஸை வெளியே இருந்து ஓடி வருகிறவனுக்குத்தான் பிடிக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் சபிப்பான். நான் நேரத்தோடு வந்து ஏறிவிட்ட நாட்களில், வேறு யாருக்காகவோ வண்டி நின்றால், எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவர் மனைவியை ஒரே ஒரு தடவை பார்த்தேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் சாப்பாட்டு கேரியரோடு நின்றிருந்தார். அன்றைக்கு வண்டி முக்கால் மணி தாமதம். கேரியரைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த எங்களிடம் சொன்னார், "ஊரு ஒலகத்துக்கெல்லாம் நிக்கிறாரு. என்னை அழைச்சிக்கிட்டு சினிமாவுக்குப் போனா மட்டும் ரோட்டுல பத்தடி முன்னாடி போறாரு." கண்டக்டர் கேரியரின் மூடியைத் திறந்து குழம்பை மோந்து பார்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, எங்கள் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நிற்கிற பெண் என்று ஊரில் ஒரு நாள் பேச்சு வந்தாலும் படிப்பு அதோடு சரி. அப்பா கொடுமைக்காரர் இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். முதல் நாள் அவரே கூட வந்து கண்டக்டரிடம் சொன்னார், "பொண்ணு தனியா வருது. கொஞ்சம் பாத்துக்கங்க."

"நான் இன்னாங்க பாக்கறது. வந்தா ஏத்திக்கறேன். வரலன்னா கொஞ்சம் நின்னு பாக்கறேன்."

அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லின் மேல் மூன்று வருஷம் நான் படித்தேன். நான் மட்டுமில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். மாடு கட்டிவிட்டு, தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு, தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டு, ஈரத் தலையோடு ஓடி வருகிறவர்கள். அந்த வண்டி சொன்ன நேரத்துக்குப் போகிற வண்டியாக இருந்திருந்தால் முதல் பருவத்திலேயே பாதிப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருப்போம்.

எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள் பத்மா. அடுத்த ஊர். அவர்கள் சமணர்கள், எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். ஒரு கார்த்திகை மாதம் சாயங்காலம் வழியில் டயர் பஞ்சராகி வண்டி நின்றுவிட்டது. பத்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். என்னவென்று அவர் கேட்டார். நான்தான் சொன்னேன், வீட்டுக்குப் போவதற்குள் இருட்டிவிடும், இனி காலையில்தான் இவளுக்குச் சோறு என்று.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஏதோ அவர்தான் சூரியனைப் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி.

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க, சாயங்கால வண்டி ஊரைத் தாண்டியதும் பின் கண்ணாடி வழியாக மலையைப் பார்ப்பார். "பாப்பா, டப்பாவுல எதாச்சும் வச்சிருக்கியா? இருந்தா இப்பவே சாப்புட்டுடு. மலைக்குப் பின்னாடி போவுது."

"மலைக்குப் பின்னாடி போனா அஸ்தமனம் இல்லண்ணே. இன்னும் வெளிச்சம் இருக்கு."

அவர் அதைப் பெரிய சட்டப் பிரச்சினை போல யோசிப்பார். "நமக்கு எதுக்கு வம்பு. நீ சாப்புடு." டிரைவரிடம் போய், குழந்தை சாப்பிடுகிறது, குலுக்காமல் ஓட்டுங்கள் என்பார். டிரைவர், "இந்த ரோட்டுலயா?" என்று கேட்டுவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கி, வேகத்தைக் குறைப்பார்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. முதல் நாள். அரைமணி முன்னாலேயே ரோட்டுக்கு வந்து நின்றுவிட்டேன். பத்மாவும் வந்துவிட்டாள். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தபோதுதான் பையைத் திறந்து பார்த்தேன். ஹால் டிக்கெட் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அங்கேயே விட்டுவிட்டேன்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறாமல் நிற்பதைப் பார்த்துக் கீழே இறங்கினார்.

"இன்னா பாப்பா?"

"ஹால் டிக்கெட்ட மறந்துட்டேன்."

வீட்டுக்கும் ரோட்டுக்கும் அரை மைலுக்கு மேல். வேறு கம்பெனி வண்டி அன்றைக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. அடுத்த வண்டி ஒன்றேகால் மணி நேரம் கழித்து. அதில் போனால் பரீட்சை ஆரம்பித்துவிடும். இதெல்லாம் அவருக்கும் தெரியும்.

"ஓடு" என்றார். "நாங்க இங்கதான் இருப்போம்."

ஓடினேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். போக ஓர் ஓட்டம், வர ஓர் ஓட்டம். திரும்பி வரும்போது ரோட்டில் பஸ் நிற்கிறதா என்று பார்க்கவே பயம். நின்றிருந்தது. கால் மணி நேரம் நின்றிருந்தது. ஹால் டிக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, சிரித்துக்கொண்டே ஏறினேன். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் வேட்டியும் துண்டுமாக ஒருவர், எழுந்து நின்று கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர்க்காரர். எப்போதாவது அந்த வண்டியில் வருகிறவர்.

நான் போயிருந்தபோது நடந்ததைப் பத்மா சொன்னாள். "அந்த ஆளு, 'அவசரமா போகணும்யா, எடுய்யா'னு நாலஞ்சு தடவை சொன்னாரு. கண்டக்டரு, 'பரீட்சைக்குப் போற பொண்ணுங்க, ரெண்டே நிமிஷம்'னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

அவசரம் என்று தினமும் யாராவது சொல்வார்கள். அதனால் அது எங்கள் காதில் பெரிதாக விழவில்லை. தமிழ் முதல் தாள் நன்றாக எழுதினேன்.

நான்கு நாள் கழித்து, வேறொரு பரீட்சைக்குப் போகும்போது, அதே ஆள் வண்டியில் இருந்தார். தலையும் மீசையும் மழித்திருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அவரிடம் வந்து, மொட்டைத் தலையைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"யாருங்க?"

"எங்கம்மா."

"எப்போ?"

"நீ வண்டிய நிறுத்தி வச்சியே, அன்னிக்கு." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பெரிய ஆஸ்பத்திரில கெடந்துச்சு. சேதி வந்து ஓடியாந்தேன். நான் மாடிப்படி ஏறும்போது துணிய மொகத்து மேல இழுத்து விட்டுட்டாங்க. 'வந்துட்டானா, வந்துட்டானா'னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். பத்து நிமிஷம் ஆச்சாம், போயி."

கண்டக்டர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "சொல்லியிருக்கலாமேங்க... ஒரு வார்த்தை..."

"எப்படிச் சொல்றது? எங்கம்மா சாகக் கெடக்குதுனு அத்தனை பேரு முன்னாடி வாயால எப்படிச் சொல்றது? சொன்னா போயிடுமோனு இருந்துச்சு."

பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அன்றைக்கு என்ன பரீட்சை என்பது இப்போது ஞாபகமில்லை. அந்தப் புத்தகத்தின் அட்டையில் மசிக் கறை ஒன்று ஆமை வடிவத்தில் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளிலிருந்து பஸ் நிற்கவில்லை.

நின்றது, நிறுத்தத்தில் எல்லா பஸ்ஸும் நிற்கிற மாதிரி நின்றது. ஏறுகிறவர்கள் ஏறியதும் ரெண்டு விசில். அவர் வரப்பைப் பார்ப்பதில்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பையையும் டிக்கெட்டையும் பார்த்தே பேசினார். டிரைவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "இன்னாய்யா ஆச்சு உனக்கு, தயிர்க்காரம்மா ஓடியாருது பாரு" என்று அவரே சொன்னார். கண்டக்டர் மறுபடியும் ரெண்டு விசில் கொடுத்தார். தயிர்க்காரம்மா கூடையோடு புழுதியில் நின்றதைப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

மிச்சப் பரீட்சைகளுக்கு நான் ஏழு மணிக்கே ரோட்டுக்கு வந்துவிட்டேன். வராதவர்களும் இருந்தார்கள். பத்மாவின் வகுப்பில் சரோஜா என்று ஒரு பெண். கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறவள். ஒரே வாரத்தில் மூன்று தடவை வண்டியை விட்டாள். மூன்றாவது தடவை அவள் அப்பா பையை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஆவணியில் கல்யாணம். என் அப்பா போட்ட அதே நிபந்தனைதான். ஆள்தான் வேறு.

ஜூன் மாதம். ரிசல்ட் வந்து நான் தேறியிருந்தேன். வேலூரில் மாமா வீட்டில் தங்கி, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை வேலைக்கான பயிற்சியில் சேர ஏற்பாடு. தகரப் பெட்டியோடு அப்பாவும் நானும் அதே வண்டியில் ஏறினோம். அவர் எங்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முன் சீட்டில் அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரர் இருந்தார். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

ரெண்டு நிறுத்தம் தாண்டி ஓரிடத்தில் ஆட்கள் ஏறினார்கள். ரெண்டு விசில். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தோம், இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக ஒரு பெண் கொல்லைக்கு நடுவே ஓடி வந்துகொண்டிருந்தாள். கண்டக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"யோவ், நிறுத்துய்யா!" என்று ஒரு சத்தம். "ஆள் ஓடி வருது, கண்ணு தெரியல?"

முன் சீட்டுக்காரர். எழுந்தே நின்றுவிட்டார். டிரைவர் விசிலுக்குக் காத்திராமல் பிரேக்கை அழுத்தினார். கண்டக்டர் அந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆள் இவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "மெதுவா வாம்மா, கொழந்தை விழுந்துடப் போவுது" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினார்.

கண்டக்டர் கீழே குதித்தார். ஓடிப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறியபோது, ஊக்கு குத்திய சட்டை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் டிக்கெட் கேட்க மறந்துவிட்டார் என்பது தெரியும். அவளே ரெண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணே, நான் பாஸ் பண்ணிட்டேன், வேலூருக்குப் படிக்கப் போறேன்.' ஆறேழு வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் அவர் முன்படிக்குப் பக்கத்தில் நின்று டிரிப் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு "வா" என்றார். நான் அவரை உரசிக்கொண்டு போகிற தூரத்தில் கடந்து போனேன். என்னால் ஒருத்தர் தன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போனார். என்னால் ஒருத்தர் அந்தப் பழியைச் சுமக்கிறார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் நின்று 'நான் பாஸ்' என்று எப்படிச் சொல்வது? பதினாறு வயதில் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

படித்தேன். எங்கெங்கோ வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில், வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது, நிலத்தை வாங்கிப் போடு என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், திருவண்ணாமலையிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் லேபுக்கு மாற்றலாகி வந்தேன். அவரைத் தேடினேனா என்றால், இல்லை.

ஒரு நாள் காலை, ரத்தம் கொடுக்க வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த பெயரைக் கூப்பிட்டேன். வெளியே ஒரு மெல்லிய குரல் கேட்டது. "மேடம், அந்தம்மா இப்பத்தான் கொழந்தைக்குத் தண்ணி குடுக்கப் போனாங்க. வந்துடுவாங்க. கொஞ்சம் இருங்க. இதோ, தலை தெரியுது."

எட்டிப் பார்த்தேன். யாருடைய தலையும் தெரியவில்லை. அவர்தான் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, மடியில் ஒரு மஞ்சள் பையோடு.

அன்று ஒன்றும் சொல்லாமல் ரத்தம் எடுத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மறுநாள் ரிசல்ட் வாங்க வந்தார். சர்க்கரை நிறைய இருந்தது. "சோத்தக் கம்மி பண்ணணுங்க" என்றேன். "பண்ணிடலாம்மா" என்றார், டிரைவரின் திட்டுக்குத் தலையாட்டுகிற அதே மாதிரி.

"நீங்க கீழ்பென்னாத்தூர் வண்டியில இருந்தீங்கதானே?"

முகம் மலர்ந்தது. "ஆமாம்மா. விட்டு ஆறு வருஷம் ஆச்சு. இப்போ செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குக் கிட்ட, மச்சான் சைக்கிள் கடையில உக்காந்திருக்கேன். நீங்க எந்த ஊரு?"

சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு வந்த பெண்களில் ஒருத்தி என்றேன். நீங்கள் நின்றதால்தான் நாங்கள் படித்தோம் என்றேன். அது அவர் மேல் ஒட்டவே இல்லை.

"நான் இன்னாம்மா பண்ணேன். விசில் ஊதறது ஒரு வேலையா? வண்டி போச்சு, நீங்க போனீங்க." கொஞ்ச நேரம் ரிசல்ட் தாளை நீளவாக்கில் மடித்தார். "ஒரு ஆளுக்கு மட்டும் கெடுதல் பண்ணிட்டேன். அது ஒண்ணுதான் நான் பண்ணதுனு ஞாபகம் இருக்குது. ஒரு பொண்ணு ஹால் டிக்கெட்ட மறந்துட்டு வந்துச்சு..."

"அது நான்தாங்க."

மடித்த தாளைப் பிரித்தார். மறுபடி மடித்தார். அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர், குனிந்து, ரகசியம் கேட்பது போலக் கேட்டார்.

"பாஸ் பண்ணியா?"

"பாஸ் பண்ணேன்."

"அந்த வருஷமேவா?"

"அந்த வருஷமே. மொதல் தடவையே. அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன்."

பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "உங்கப்பா கூடப் பொட்டியோட ஏறினியே, அன்னிக்கே கேக்கணும்னு இருந்துச்சு. பயம். பெயில்னு சொல்லிட்டா? அந்த ஆளுகிட்டேந்து புடுங்கின கால் மணி நேரம் ஒருத்தருக்கும் இல்லாம போயிடுமே."

எனக்கும் அன்றைக்குப் பயம்தான் என்று சொன்னேன். சரோஜாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு மனிதர் ஓரிடத்தில் நின்றதால் ஒருத்திக்கு வேலை, நிற்காமல் போனதால் ஒருத்திக்குப் பதினாறு வயதில் கல்யாணம். நடுவில் ஒரு மகனுக்குத் தாய் முகம் இல்லை. இதையெல்லாம் கூட்டிக் கழித்து அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ எழுத எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ரிசல்ட் தாளோடு எங்கே போகிறார்கள், என்ன ஆகிறார்கள் என்று எனக்கும்தான் தெரியாது. அவர் ஏற்றிவிட்டவர்களில் ஒருத்தியின் ரிசல்ட்டாவது அவருக்குத் திரும்பி வந்தது.

"அந்த ஆளு இருக்காரு" என்றார். "மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டோம். மல்லாட்டை உரிச்சுத் தின்னுட்டு வந்துடுவேன். ஒரு தடவை வந்து அவருகிட்ட நீயே சொல்றியாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை போனோம். கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கொல்லையில் வீடு. அந்த முன் சீட்டுக்காரர் களத்தில் மல்லாட்டை காய வைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் நேராகப் போய், "இதுதாங்க அந்தப் பொண்ணு. பாஸாம்" என்றார். பன்னிரண்டு வருஷத்துச் செய்தியை அப்படித்தான் சொன்னார், நேற்று வந்த ரிசல்ட் போல.

அந்த மனிதர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் கழுத்தை, கையை, காலை எல்லாம் பார்த்தார். ஏதாவது குறை இருக்கிறதா என்று சோதிப்பது போல.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சுங்க."

"புள்ளைங்க?"

"ரெண்டு."

"நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ சிரிச்சுக்கிட்டே ஏறினே. ஆஸ்பத்திரில எங்கம்மா கால்மாட்டுல நின்னப்போ எனக்கு அந்தச் சிரிப்புதான் கண்ணுல வந்துச்சு. நாசமாப் போவ, உருப்படாம போவனு வயிறெரிஞ்சு திட்டினேன். பச்சப் புள்ளைய. கோவம் ஒரு மாசத்துல போச்சு. திட்டினது போகல. பலிச்சுடுமோனு பயம். அப்புறம் நீ பொட்டியோட ஏறி வந்தே. ஐயோ, பெயிலாயிடுச்சு போல, படிப்ப நிறுத்திக் கட்டிக் குடுக்க இட்டுக்கினு போறாங்கனு நெனச்சுட்டேன். அப்பத்தான் அந்தப் பொம்பளை ஓடியாந்துச்சு. கத்திட்டேன்."

மாதா மாதம் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை தின்ற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டதே இல்லை.

"பலிக்கலைங்க" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன்."

உள்ளேயிருந்து அந்த மனிதரின் மனைவி வந்து, மத்தியானம் ஆயிற்று, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கத்தரிக்காய் போட்ட காரக் குழம்பு, மல்லாட்டைத் துவையல். மூன்று பேருக்கும் வரிசையாக இலை போட்டார். அந்த மனிதர் தன் இலையில் உட்காராமல், சோற்றுக் குண்டானைத் தானே வாங்கிக்கொண்டு வந்து கண்டக்டருக்குப் பரிமாறினார். கண்டக்டர் முதல் சோற்றைச் சாப்பிட்டார். ரெண்டாவது வாங்கினார். மூன்றாவது தடவை குண்டான் வந்தபோது கையைக் குறுக்கே வைக்காமல், இலையில் நடுவே குழி செய்து காட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

அவர் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பரிசோதனை செய்தவளே நான்தான். இருந்தாலும் அன்றைக்கு நான் என் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.